இருபத்து மூன்று கொத்து லில்லியும் ஒரு டார்ச் லைட்டும்

இரண்டு சாக்கு வந்து இறங்கின. வீடு மாறிப் போகிற அண்ணா ஒருவர், தோட்டத்தையும் வண்டியில் ஏற்ற முடியாது என்று டேலில்லிகளைத் தோண்டி என் தலையில் கட்டிவிட்டார். பெயர்ப்பட்டை எல்லாம் செருகித்தான் வைத்திருந்தாராம். வெயிலில் மார்க்கர் மை வெளுத்துப்போய் வெறும் வெள்ளை பிளாஸ்டிக் துண்டுகளாக அவையும் சாக்குக்குள்ளேயே கிடந்தன.

"எது எதுன்னு ஞாபகம் இருக்காண்ணா?"

"எல்லாம் லில்லிதான் தம்பி. மொக்கைப் பறிச்சு வதக்கித் தின்னலாம். நானே தின்னுருக்கேன்."

"எல்லாத்தையுமா?"

"அட, பூ எல்லாம் ஒண்ணுதானப்பா!"

எனக்கும் வேண்டியது அந்த மொக்குதான். சீனச் சமையலில் தங்க ஊசி என்று சொல்லும் காய்ந்த மொக்கை நானே செய்து பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. ஆனால் 'எல்லாம் ஒண்ணுதான்' என்ற பேச்சை நம்பி வாயில் போடப் பயமாக இருந்தது. அதனால் ஒரு பூப்பருவம் முழுக்க ஒன்றையும் தின்னாமல், பார்த்துப் பிரிப்பது மட்டும்தான் வேலை என்று வைத்துக்கொண்டேன். அந்த நோட்டில் எழுதியதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே தருகிறேன்.

முதல் வேலை வேரில். பூ வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, இதை இன்றைக்கே செய்யலாம். சாக்கைக் கவிழ்த்து ஹோஸ் பைப்பைப் பிடித்து மண்ணைக் கழுவினேன். மொத்தம் 23 கொத்து. டேலில்லியின் வேர் ஒருமுறை பார்த்தால் மறக்காது. அடியில் வெங்காயம் எதுவும் இருக்காது. கயிறு மாதிரி வேர்கள் கும்பலாக இறங்கும், அவற்றில் பல நடுவிலோ நுனிப்பக்கமோ விரல் பருமனுக்குப் புடைத்திருக்கும். தண்ணீர்விட்டான் கிழங்கைத் தோண்டிப் பார்த்தவர்களுக்குச் சட்டென்று பிடிபடும், அதன் குட்டித் தம்பி போல.

கழுவியதில் மூன்று கொத்தின் அடியில் நல்ல உருண்டை வெங்காயம் இருந்தது. குறுக்கே வெட்டினால் வளையம் வளையமாக அடுக்கு. அது டேலில்லியே இல்லை. மழை லில்லி, ஸ்பைடர் லில்லி, அமரில்லிஸ் எல்லாம் இந்தக் கூட்டம்தான். இவற்றின் கிழங்கில் லைகோரின் என்ற நச்சு உண்டு, தின்றால் வாந்தி புரட்டி எடுத்துவிடும். நாலாவதாக ஒன்று என்னைக் கொஞ்ச நேரம் ஏமாற்றியது. இலை டேலில்லி போலவே விசிறியாக விரிந்திருந்தது. அடியில் பார்த்தால் இஞ்சி மாதிரி கனத்த தண்டுக்கிழங்கு, பக்கவாட்டில் படுத்துக் கிடந்தது. ஐரிஸ். பிறகுதான் இலையிலும் வித்தியாசம் தெரிந்தது. டேலில்லி இலையைக் குறுக்கே கத்தரித்துப் பார்த்தால் நடுநரம்பில் மடிந்து 'V' போல இருக்கும். ஐரிஸ் இலை கத்திபோலத் தட்டை, மடிப்பே கிடையாது. ஐரிஸும் தின்கிற செடி இல்லை.

நாலும் தனி மூலைக்குப் போயின. மிச்சம் 19.

இந்த இடத்தில் ஒரு புலம்பல். நாம் லில்லி என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எத்தனை செடியைக் கூப்பிடுகிறோம்! வெங்காய லில்லிகள் ஒரு பக்கம். வீட்டுக்குள் வைக்கும் பீஸ் லில்லி இன்னொரு பக்கம், அதைக் கடித்தால் வாயும் தொண்டையும் ஊசி குத்தியது போல எரியும். ஆங்கிலப் பெயரை அப்படியே எடுத்துக்கொண்டவர்கள் செங்காந்தளையும் குளோரி லில்லி என்கிறார்கள். கண்வலிக்கிழங்கு என்று சொன்னால் ஒருவரும் வாயருகே கொண்டுபோக மாட்டார்கள். அதையே ஏதோ ஒரு லில்லி என்று சொல்லிவிட்டால் ஆபத்து. செங்காந்தளின் இலை நுனி சுருண்டு பற்றுக்கம்பியாகப் பிடித்து ஏறும். டேலில்லி இலை எதையும் பிடிக்காது, வளைந்து தொங்கும். அசல் லில்லி, அதாவது லிலியம், தண்டு நெடுக இலை வைக்கும், அடியில் செதில் செதிலாகப் பூண்டு போன்ற கிழங்கு. டேலில்லியில் இலை முழுக்க அடியிலிருந்தே கிளம்பும். பூந்தண்டு தனியாக எழும்பி நிற்கும், அதில் இலை இருக்காது, சின்னச் செதில்கள் ஒன்றிரண்டைத் தவிர.

அடுத்தது எண் போடும் வேலை. அண்ணாவின் மார்க்கர் கதை எனக்கும் நடக்கக்கூடாது என்று குளிர்பான டப்பாவின் அலுமினியத் தகட்டைக் கத்தரித்துப் பட்டைகள் செய்தேன். மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால், அடியில் மடித்த துணியை வைத்து அழுத்தி எழுதினால் எண் பள்ளமாக விழும். மழை வெயில் எதுவும் அதை அழிக்காது. ஓரம் கையைக் கிழிக்கும் என்பதை இரண்டாவது பட்டையிலேயே தெரிந்துகொண்டேன். நான்கு ஓரத்தையும் மடித்துவிடுங்கள்.

பூக்கத் தொடங்கியதும்தான் நோட்டு நிரம்பியது. நான் முதலில் நிறத்தைத்தான் எழுதினேன், எல்லாரையும் போல. மஞ்சள் என்றால் தின்கிறது, மற்றதெல்லாம் அழகுக்கு என்று யாரோ சொன்னது மனதில் இருந்தது. அந்தக் கணக்கு ஒரு வாரத்தில் உடைந்தது. மஞ்சளாகவே ஏழு கொத்து பூத்தன, ஏழும் ஒன்றல்ல என்பது தள்ளி நின்று பார்த்தாலே தெரிந்தது. நிறத்தை விட்டுவிட்டு நேரத்தை எழுத ஆரம்பித்தேன்.

டேலில்லியின் தாவரவியல் பெயர் ஹெமரோகாலிஸ். கிரேக்கத்தில் பகல், அழகு என்ற இரண்டு சொற்கள் சேர்ந்தது. ஒரு பூ ஒரு நாள்தான். ஆனால் அந்த ஒரு நாள் எப்போது தொடங்குகிறது என்பதில்தான் சங்கதி இருக்கிறது. 3-ஆம் எண், செம்மஞ்சள் நிறம், காலையில் விரிந்து மாலையில் சுருங்கியது. 7-ஆம் எண் பகலெல்லாம் மூடிய மொக்காகவே நின்றது. சாயங்காலம் ஐந்தே முக்காலுக்குப் பார்க்கும்போது நுனி மெல்லப் பிளந்திருந்தது. ஏழு மணிக்கு முழுசாக விரிந்துவிட்டது. இரவு பன்னிரண்டுக்கு டார்ச் எடுத்துக்கொண்டு போனேன். வெளிர் எலுமிச்சை நிறம், வெளிச்சம் பட்டதும் வெள்ளையாகவே தெரிந்தது. செடியை எட்டுமுன்பே வாசனை வந்தது. அந்துப்பூச்சி ஒன்று தொண்டைக்குள் குழலை நுழைத்துக்கொண்டு நின்றது. மறுநாள் காலை பத்து மணிக்கு அந்தப் பூ நனைந்த காகிதம் போலச் சுருங்கிக் கிடந்தது.

இரவில் பூப்பது, வாசனை, வெளிர்மஞ்சள், நீண்ட ஒல்லியான மொக்கு. இவை நான்கும் சேர்ந்தால் ஹெமரோகாலிஸ் சிட்ரினா. சீனாவில் மொக்குக்காகவே வயல் வயலாகப் பயிராக்குவது பெரும்பாலும் இந்த இனத்தைத்தான். 8-ஆம் எண்ணும் 15-ஆம் எண்ணும் இதே நேரத்துக்கு விரிந்தன.

அத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். 11-ஆம் எண்ணும் சாயங்காலம் விரிந்தது, அதுவும் மஞ்சள், லேசான வாசனையும் இருந்தது. ஆனால் மறுநாள் பகல் முழுக்க மூடாமல் நின்றது. இதழ் தடித்து, ஓரம் சுருக்கு வைத்துத் தைத்த பாவாடை போல நெளிந்திருந்தது. இது கலப்பினம். அதிக நேரம் விரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே சிட்ரினாவின் வாரிசுகளை வளர்ப்பாளர்கள் கலந்திருக்கிறார்கள். ஆக, இரவில் பூத்தாலே தின்கிற இனம் என்று சொல்ல முடியாது. அளவுகோலை எடுத்தேன்.

பிளேடால் மொக்கை நெடுக்காகக் கீறி விரித்துப் பாருங்கள். ஆறு இதழ் என்று சொல்வோம், உண்மையில் வெளியே மூன்று, உள்ளே மூன்று. ஆறு மகரந்தத் தாள்கள், நடுவே ஒரு நீண்ட சூலகத்தண்டு. இதழ்கள் ஒன்று சேர்ந்து அடியில் ஒரு குழாயாகக் குறுகும், அந்தக் குழாயின் அடிமட்டத்தில் பச்சையாகச் சூலகம் ஒட்டியிருக்கும். எனக்கு உதவியது இந்தக் குழாயின் நீளம்தான். 7-ஆம் எண்ணில் நாலு சென்டிமீட்டர். 11-இல் இரண்டு, அதுவும் தடியாக. 7-இன் மொக்கு நுனியில் கருஊதாச் சாயம் வேறு தொட்டு வைத்தது போல இருந்தது. சிட்ரினாவில் இது அடிக்கடி காணப்படும், எல்லாச் செடியிலும் இருக்கும் என்றில்லை.

சந்தேகத்துக்கு ஒரு சாட்சி வேண்டும் என்று காய்ந்த தங்க ஊசி ஒரு பொட்டலம் வாங்கிவந்து வெந்நீரில் ஊறவைத்தேன். அரைமணியில் இளகியது. ஊசி முனையால் பிரித்துப் பிரித்து வெள்ளைத் தட்டில் பரப்பினேன். ஆறு மகரந்தத் தாள், ஒல்லிக் குழாய், எல்லாம் அப்படியே இருந்தன. குழாய் கிட்டத்தட்ட மூன்றரை சென்டிமீட்டர். பக்கத்தில் 7-ஆம் எண் மொக்கையும் 11-ஆம் எண் மொக்கையும் வைத்ததும் எது யாருடைய பிள்ளை என்று கேட்கவே தேவைப்படவில்லை.

செம்மஞ்சள்காரர்கள் ஆறு பேர். இவர்களைக் கண்டுபிடிப்பது சுலபம். உள்ளிதழ்களின் கீழ்ப்பகுதியில் தலைகீழ் 'V' போல ஒரு கருஞ்சிவப்புத் தழும்பு, வாசனை சுத்தமாக இல்லை, பகலில் பூக்கும். மண்ணுக்கடியில் தண்டு ஓட்டி, ஒரு சாண் தள்ளிப் புதுக் கன்றை எழுப்பும். ஹெமரோகாலிஸ் ஃபுல்வா. இன்னொரு சோதனையும் செய்தேன். 3-ஆம் எண்ணின் பன்னிரண்டு பூக்களில் வேறு செடியின் மகரந்தத்தைப் பஞ்சுக்குச்சியால் தடவி நூல் கட்டிவைத்தேன். பன்னிரண்டும் உதிர்ந்தன, ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை. அதே மகரந்தம் 11-இல் நன்றாகவே பிடித்தது. ஃபுல்வாவில் பரவலாக வளரும் வகை மும்மடியம், அதாவது குரோமோசோம் தொகுதி மூன்று, மொத்தம் 33. ஜோடி சேராததால் விதை ஒழுங்காக உருவாகாது. நியூயார்க் தாவரவியல் பூங்காவில் டேலில்லிகளை நெடுங்காலம் ஆராய்ந்த ஏ. பி. ஸ்டவுட் இந்த வகைக்கு 'யூரோபா' என்று பெயர் வைத்தார். ஆறில் ஒன்று அடுக்குப் பூ, ரோஜாவைக் கசக்கி வைத்தது போல. அது 'குவான்சோ' என்கிற வகையின் சாயல்.

ஃபுல்வா தின்கிறதா, அழகுக்கா? இரண்டும்தான். தோட்ட ஓரங்களில் அழகுக்கு நடுகிற இதே செடியின் மொக்கை ஆசியாவில் பல இடங்களில் சமைக்கிறார்கள். ஜப்பானில் வசந்தகாலத்து இளங்குருத்தைப் பறித்துச் சமைப்பார்கள். அண்ணா சொன்னதில் இவ்வளவு உண்மை இருந்தது. அவரைக் கிண்டல் செய்யவும் முடியாது. செடிகளுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையைத் தந்த தாவரவியலாளர் லின்னேயஸே 1753-இல் மஞ்சளையும் செம்மஞ்சளையும் ஒரே இனத்தின் இரண்டு வகையாகத்தான் எழுதிவைத்தார். 1762-இல்தான் பிரித்தார்.

மீதியில் எட்டு கலப்பினங்கள். ஊதா, சிவப்பு, பீச் நிறம், கண் போல வட்டம் வைத்தது, மஞ்சளில் நான்கு. இவற்றுக்குப் பெயர் கண்டுபிடிக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைத் தொலைத்தேன். வீண்வேலை. பதிவான வகைகளே 80,000-க்கு மேல் இருக்கின்றன. படத்தைப் பார்த்து இதுதான் என்று சொன்னால் ஜோசியம் சொன்ன மாதிரிதான்.

கலப்பினங்களை நான் தின்னப்போவதில்லை. இதற்குச் சிலர் சொல்லும் காரணம் எனக்கு ஒப்பவில்லை. நான்மடிய வகைகளை, அதாவது குரோமோசோம் தொகுதி நான்கு உள்ளவற்றை, கோல்ச்சிசின் என்ற நச்சைப் பயன்படுத்தி உருவாக்கினார்கள், அதனால் பூவிலும் நச்சு இருக்கும் என்பார்கள். செங்காந்தளில் இருக்கிற அதே கோல்ச்சிசின்தான். குரோமோசோமை இரட்டிப்பாக்க நாற்றின் குருத்தில் கொடுப்பார்கள். ஆனால் அது எத்தனையோ தலைமுறைக்கு முந்திய பாட்டிச் செடிக்குக் கொடுத்தது, பேத்தியின் பூவில் வந்து உட்காராது. என் காரணம் வேறு. நிறத்துக்காகவும் நெளிவுக்காகவும் எந்தெந்த இனத்தையோ கலந்து கலந்து எடுத்த செடிகள் இவை. தின்ன ஏற்றதா என்று பார்த்து யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. டேலில்லி தின்று வயிறு புரட்டி, பேதியானவர்கள் இருக்கிறார்கள். எந்தச் செடி என்று பெயர் சொல்ல முடியாத ஒன்றைத் தின்றுவிட்டு மருத்துவரிடம் போய் என்ன சொல்வேன்?

இன்னொரு காரணமும் உண்டு, என் கணக்கில் இதுதான் பெரியது. இந்தச் செடிகளுக்குத் துணையாக இருக்கட்டும் என்று ஒரு நர்சரியில் ஒரு தொட்டி வாங்கினேன். பெயர்ப்பட்டையில் சிட்ரினா என்றே அச்சடித்திருந்தது. என்ன மருந்து அடித்தீர்கள் என்று கேட்டேன். "செடிக்குத் தேவையானது அடிச்சிருக்கு சார்" என்று பதில் வந்தது. இமிடாக்ளோபிரிட் போன்ற ஊடுருவும் பூச்சிக்கொல்லியை மண்ணில் ஊற்றினால் வேர் உறிஞ்சி இலை, மொக்கு என எல்லா இடத்துக்கும் அனுப்பும். குழாயில் கழுவினால் போகாது. மண்ணில் ஒரு வருஷத்துக்கு மேலும் தங்கக்கூடியது. துரு நோய்க்கு அடிக்கும் பூஞ்சைக்கொல்லி வேறு. ஆக, தின்கிற இனமாகவே இருந்தாலும் அந்தத் தொட்டி எனக்கு அலங்காரச் செடிதான். அண்ணா வீட்டுச் செடிகளுக்கு அவர் சாணி எருவைத் தவிர எதையும் காட்டியதில்லை. அதை மட்டும் மூன்று முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

வேரைத் தின்னலாமா என்று கேட்டவர்களும் உண்டு, அந்தப் புடைத்த கிழங்குகளைப் பார்த்துவிட்டு. நான் தொடவில்லை. சில டேலில்லி இனங்களின் வேரில் ஹெமரோகாலின் என்ற நச்சு இருக்கிறது. சீனாவில் அதைத் தின்ற ஆடுகள் கண்பார்வை இழந்திருக்கின்றன.

பிறகு பூனை. வீட்டில் ஒன்று இருக்கிறது. அசல் லில்லி, டேலில்லி இரண்டுமே பூனையின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும். பூ, இலை, உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை நக்குவது, எதுவானாலும் ஆபத்து. மனிதர் தின்கிற இனம், தின்னாத இனம் என்ற பாகுபாடெல்லாம் பூனைக்குக் கிடையாது. பாத்தியைச் சுற்றி வலை கட்டினேன், வெட்டிய பூவை வீட்டுக்குள் கொண்டுவருவதை நிறுத்தினேன்.

இவ்வளவுக்கும் பிறகு அடுத்த பருவத்தில் 7, 8, 15 மூன்றிலும் மொக்கு பறித்தேன். முதல் நாள் சொதப்பல். மூன்று மணிக்குப் பறித்துத் தட்டில் வைத்துவிட்டு ஒரு போன் பேச்சில் மாட்டிக்கொண்டேன். ஆறு மணிக்கு வந்து பார்த்தால் தட்டு நிறையப் பூ! செடியிலிருந்து பிரித்தாலும் மொக்குக்கு நேரம் தெரிகிறது. விரிந்துவிட்டால் தங்க ஊசி ஆகாது. மறுநாள் அடுப்பில் தண்ணீரைக் கொதிக்கவிட்டுவிட்டுத்தான் பறிக்கப் போனேன். விரிய இரண்டு மணி நேரம் இருக்கும்போது மொக்கு முழு நீளம் வந்து, பச்சை விலகி மஞ்சளித்து, தொட்டால் இறுக்கமாக இருக்கும். அதுதான் பதம்.

பச்சையாகத் தின்னாதே, வேகவை, ஊறவைத்த நீரைக் கொட்டு என்பது சீனாவில் புதிய மொக்குக்குப் பொதுவாகச் சொல்லும் எச்சரிக்கை. காரணமாக அங்கும் கோல்ச்சிசினைத்தான் சொல்வார்கள். மொக்கில் அது உண்மையிலேயே இருக்கிறதா என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. காரணம் எதுவானாலும் வழக்கத்தை மீற எனக்கு அவசியம் எதுவுமில்லை. மகரந்தத் தாள்களைக் கிள்ளி எடுத்தேன். ஆவியில் வைத்து, மொக்கு துவண்டு நிறம் மங்கியதும் எடுத்து, ஒன்றன்மேல் ஒன்று படாமல் வலைத்தட்டில் பரப்பி வெயிலில் வைத்தேன். முதல் ஈடு மேகமூட்டத்தில் மாட்டிப் பூசணம் பிடித்துக் குப்பைக்குப் போனது. இரண்டாவது ஈடு நன்றாகக் காய்ந்து பழுப்பு மஞ்சளாக வந்தது. கடையில் சில பொட்டலங்கள் பளீரென்று மஞ்சளாக இருப்பது கந்தகப் புகை போட்டதால். வெயில் மட்டும் பட்டதற்கு அந்த நிறம் வராது.

முதல் நாள் ஊறவைத்து வேகவைத்த இரண்டே மொக்கு. ஒரு நாள் முழுக்கச் சும்மா இருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. அடுத்து ஆறு. லேசான இனிப்பு, இளம் பீன்ஸின் பச்சை வாசம், நாக்கில் கொஞ்சம் வழுவழுப்பு. குழைந்து போகாமல் இருக்க ஒவ்வொரு மொக்கையும் ஒரு முடிச்சுப் போட்டுச் சமைப்பது சீன வழக்கம். போட்டுப் பார்த்தேன், உண்மையிலேயே கடிக்க நன்றாக இருக்கிறது. ஃபுல்வாவையும் இதே முறையில் இரண்டு மொக்கு பார்த்தேன். சாப்பிடலாம், ஆனால் 7-க்குப் பக்கத்தில் அது சப்பென்றிருந்தது.

இப்போதைய நிலவரம்: 7, 8, 15 மூன்றுக்கும் பச்சைக் கம்பி, ஃபுல்வா ஆறுக்கு மஞ்சள் கம்பி, கலப்பினம் எட்டுக்கும் நர்சரித் தொட்டிக்கும் சிவப்பு. 4, 19 இரண்டும் இரண்டு பருவமாகப் பூக்கவே இல்லை. அவற்றுக்கும் சிவப்புதான்.

போன வாரம் அண்ணா கூப்பிட்டார். புது வீட்டில் தோட்டம் போடுகிறாராம், இரண்டு கன்று வேண்டுமாம்.

"நீங்க வதக்கித் தின்னது எந்தச் செடிண்ணா?"

"கிணத்தோரம் இருந்துச்சே, மஞ்சளா."

"பூ எப்ப விரியும்?"

"அதை யாருப்பா பார்த்தா? விடியக்காலை தண்ணி ஊத்தப் போறப்பவே பூ விரிஞ்சு நிக்கும்."

7-ஐத் தோண்டி இரண்டாகப் பிரித்து, தகட்டில் அழுத்தி எழுதிக் கட்டிவைத்திருக்கிறேன். 11-ஐயும் கேட்டார், அழகாக இருக்கிறது என்று. அதற்கும் ஒரு தகடு போட்டு, எண்ணுக்குக் கீழே 'தின்னாதீங்க அண்ணா' என்று எழுதிச் சிவப்புக் கம்பியைச் சுற்றிவிட்டேன்.